பிளாஸ்டர் ஒட்டிய கேமரா

ஷெர்லின் புதுக் கேமரா வாங்கியதற்குக் காரணம், பழைய கேமராவில் எந்தக் கீறல் யார் போட்டது என்று கண்டுபிடிக்க முடியாது என்பதுதான். மலைமேல் ஒண்டிக்கடை என்ற இடத்தில், மாதா கோயில் மண்டபத்தின் பின்னறையில் கிங்ஸ்டன் பிலிம் போட்டோ வகுப்பு நடத்தினான். கல்யாண வீடுகளில் படம் எடுப்பவன், சாயங்காலங்களில் இதைச் சொல்லிக்கொடுத்தான். வகுப்புக்கு வந்தவர்கள் எல்லோரும் யாரோ வைத்திருந்து கைமாறிய கேமராக்களோடுதான் வந்தார்கள். அவள் மட்டும் பள்ளிக்கூட அலுவலகச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, பெட்டி பிரிக்காத கேமராவாக வரவழைத்தாள். இனி அதில் விழும் ஒவ்வொரு கோட்டுக்கும் தானே பொறுப்பு என்பது நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தாள். அந்த நினைப்புதான் தூக்கத்தைக் கெடுத்தது.

முதல் சுருள் முடிந்து அதை வெளியே எடுத்தபோதே பார்த்துவிட்டாள். கேமராவின் பின்கதவுக்கு உட்புறம், பிலிமை அலுங்காமல் அழுத்திப் பிடிக்கிற கறுப்புத் தகட்டில், தலைமுடி கனத்தில் கோடுகள் வரிசையாக ஓடின. வார் மாட்டும் வளையத்தின் ஓரத்திலும் பெயின்ட் பிறைபோலத் தேய்ந்திருந்தது.

"பிலிம் உள்ள ஓடுதில்லம்மா, உரசத்தான் செய்யும்" என்றான் கிங்ஸ்டன். 

"எல்லார்துலயும் இப்படி இருக்குமுங்களாண்ணா?"

"எல்லார்துலயும் இருக்கும். உன்னைத் தவிர யாரும் டார்ச் அடிச்சுப் பாக்கறதில்ல."

அவளுடைய நெகடிவைப் பூதக்கண்ணாடி வைத்து ஓரத்திலிருந்து ஓரம்வரை பார்த்துவிட்டு, ஒரு கீறல்கூட இல்லை என்று சொன்னான். இணையத்தில் ஒரு குழுவில் படம் போட்டுக் கேட்டாள். அங்கேயும் இது சகஜம் என்றார்கள். ஆனால் சொன்னவர்கள் யாரும் தன் கேமராவைக் கையில் வாங்கிப் பார்க்கவில்லையே என்று அவளுக்குத் தோன்றியது. முதல் சுருளில் கீறல் இல்லை, சரி. அடுத்ததில் வந்தால்?

அதனால் ஒரு முறை வகுத்துக்கொண்டாள். சாயங்காலம் வீடு திரும்பியதும் ட்யூப்லைட்டுக்குக் கீழே மேசையில் துண்டை விரித்து, கேமராவின் வெளிப்புறத்தைத் துடைப்பாள். இடப்பக்கத்துத் திருகை மேலே இழுத்தால் பின்கதவு திறந்துகொள்ளும். தகட்டில் டார்ச் அடித்துப் போனில் ஒரு படம் எடுப்பாள். அதை முந்தின நாள் படத்தோடு வைத்துப் பார்ப்பாள். உள்ளே பிலிம் இருக்கும் நாள்களில் கதவைத் திறக்கக் கூடாது; வெளிச்சம் பட்டால் எடுத்ததெல்லாம் போய்விடும். மறந்துவிடுவோமோ என்ற பயத்தில், பிலிம் போட்ட உடனே கதவின் விளிம்பில் வெள்ளைப் பிளாஸ்டர் ஒரு துண்டு ஒட்டிவிடுவாள். பிளாஸ்டர் இருந்தால் கை தானாக நின்றுவிடும்.

"என்ன கண்ணு, கீறலு இன்னிக்கி எத்தன குட்டி போட்டிருக்குது?" என்று தினமும் கேட்பார் அவள் அப்பா ஆரோக்கியதாஸ்.

"போடலீங்கப்பா. அப்படியேதான் இருக்குது."

"நல்லா பாரு. கண்ணுக்குத் தெரியாம ஒண்ணு ரெண்டு போட்டு வெச்சிருக்கும்."

அவர் எஸ்டேட் ரைட்டர். ஆள்களின் வருகை, பறித்த காப்பிப் பழத்தின் எடை எல்லாம் அவர் கையால்தான் பதிவாகும். எழுதும்போது இடது கன்னத்தில் புகையிலையை அடக்கிக்கொள்வது பழக்கம். அந்த இடத்தில்தான் புண் வந்தது. பல் குத்துகிறது என்று நினைத்துப் பல்லைப் பிடுங்கினார்கள். ஆறவில்லை. சேலத்து ஆஸ்பத்திரியில் துளி சதை எடுத்துப் பார்த்துவிட்டுப் புற்று என்றார்கள். அப்போது ஊசி போட்ட இடத்தில் ஒட்ட வாங்கிய பிளாஸ்டர்ச் சுருளிலிருந்துதான் ஷெர்லின் கேமராவுக்கும் கிழித்து ஒட்டிக்கொண்டிருந்தாள்.

இடது கன்னத்தையும் தாடையெலும்பில் ஒரு பகுதியையும் எடுத்துவிட்டு, நெஞ்சிலிருந்து சதை கொண்டுவந்து வைத்துத் தைப்போம் என்று டாக்டர் விளக்கினார். ஷெர்லினின் அம்மா இன்பமேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா எல்லாவற்றையும் கேட்டு முடித்து, ஒன்றே ஒன்று கேட்டார்.

"மீசை வருமுங்களா?"

"வலது பக்கம் வரும். தைக்கிற பக்கம் வராது."

அவர் தலையாட்டினார். மலைமேல் ஏறும் பஸ்ஸில், கொண்டை ஊசி வளைவுகளில் உடம்பு சாயும்போதெல்லாம் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் மீசையையும் பிடித்துக்கொண்டே வந்தார்.

வாழவந்தி போகும் ரோட்டில், எஸ்டேட்டை ஒட்டினாற்போல அவர்கள் வீடு. அன்று வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்.

"அட்மிட் ஆகறதுக்கு முன்னால என்னைய ஒரு போட்டோ எடு கண்ணு. உன்ற கேமராவுல. கல்லறையில வெக்கற மாதிரி."

"ஏனுங்க, உங்க வாயில நல்ல வார்த்தையே வராதுங்களா?" என்றாள் இன்பமேரி.

"வாயையே பாதி எடுக்கப்போறானுங்க, நல்ல வார்த்தைக்கு எங்க போறது. லூர்துசாமிய நீயுந்தான பாத்த?"

லூர்துசாமி எஸ்டேட் லாரி ஓட்டியவர், அப்பாவின் கூட்டாளி. அவர் இறந்தபோது கல்லறையில் பதிக்க ஒரு படமும் இல்லை. யாரோ கல்யாணத்தில் போனில் எடுத்த கூட்டப் படத்திலிருந்து அவரை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினார்கள். முகம் பாசி பிடித்தாற்போல வந்தது. தோளுக்கு மேலே பக்கத்து ஆளின் காது ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. கல்லறைத் திருநாளன்று அங்கே மெழுகுவத்தி ஏற்றிய அப்பா, அந்தக் காதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் பொழச்சு வந்துருவேன். அது பத்திப் பயமில்ல" என்றார். "ஆனா வர்றது வேற மூஞ்சி. இந்த மூஞ்சியோட இத்தன வருசம் இருந்தாச்சு. இதுக்கு ஒரு அத்தாட்சி வேணுமில்ல, சாமி?"

ஷெர்லின் சரி என்றாள். சொன்ன நொடியிலிருந்து தகட்டுக் கோடுகள் அவளுக்கு இரண்டு மடங்கு தடிமனாகத் தெரியத் தொடங்கின.

அட்மிட் ஆவதற்கு முந்தின ஞாயிறு, கோயிலில் பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் அப்பாவின் நெற்றியிலும் உள்ளங்கையிலும் எண்ணெய் பூசி ஜெபித்தார். வீட்டுக்கு வந்து, அந்த எண்ணெய் மினுமினுப்போடேயே வாசலில் சில்வர் ஓக் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டை. மீசையின் இரண்டு முனைகளும் முறுக்கிவிட்டிருந்தன. கேமராவில் இருந்த சுருளில் வகுப்புக்காக எடுத்த பஸ் ஸ்டாண்டும் காப்பிப்பூவும் முன்னாலேயே பதிவாகியிருந்தன. மீதியெல்லாம் அவருக்குத்தான்.

அவள் வெளிச்சம் அளந்தாள். சந்தேகம் வந்து மறுபடி அளந்தாள். கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகும்போது அப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதென்ன பின்னால பிளாஸ்டர்?"

"உள்ள பிலிம் இருக்குதுங்கற அடையாளமுங்கப்பா."

"எடுத்துப்போடு. அதையப் பாத்தா ஆஸ்பத்திரி நாத்தம் அடிக்குது. இன்னிக்கி ஒரு நாளு அது வேண்டாம்."

அவள் பிளாஸ்டரை உரித்தாள். பிறகு எடுத்தாள். நேராக, சற்றே திரும்பி, அம்மாவைப் பக்கத்தில் நிறுத்தி. அம்மா சிரிக்க மறுத்தாள். "நீ சிரிக்காட்டி எனக்கு இப்பவே மாலை போட்ட மாதிரி இருக்கும்" என்று அப்பா சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு வந்து, அதே வேகத்தில் அழுகையும் வந்தது. இரண்டுக்கும் நடுவில் ஷெர்லின் ஒன்று எடுத்துவிட்டாள். அதுதான் நல்ல படம் என்று அவளுக்கு அப்போதே தெரிந்தது.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு பக்கத்து வீட்டு தனபால் பைக்கைக் கிளப்பினார். முகத்தைச் சுத்தமாக மழித்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தது ஆஸ்பத்திரி. "அங்க எவனோ செரைக்கறதுக்கு நம்ம பொன்னுவேலே செரைக்கட்டும்" என்று சொல்லி, அப்பா பின்னால் ஏறி உட்கார்ந்தார். ஒண்டிக்கடை சலூனில் அந்த மீசையை இத்தனை வருஷம் ஒதுக்கிவிட்டது பொன்னுவேல்தான்.

அம்மா உள்ளே பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். ஷெர்லின் மேசையில் துண்டை விரித்தாள். பிளாஸ்டர் இருந்த இடத்தில் பசை படிந்து, தூசி ஒட்டிச் சாம்பல் நிறக் கோடு ஒன்று தெரிந்தது. புதுக் கேமராவில் அது பளிச்சென்று உறுத்தியது. தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் மெல்லத் தேய்த்தாள். கொஞ்சம் போனது. கதவின் விளிம்புக்குள் பசை இறங்கியிருக்குமோ என்று பட்டது. தினமும் போல இடது கை திருகைப் பிடித்து மேலே இழுத்தது.

கதவு திறந்தது. தகட்டைப் பார்த்தாள். கோடுகள் நேற்று இருந்தபடியே இருந்தன. புதிதாக ஒன்றும் இல்லை. அப்பாடா என்று இருந்தது. அதற்குப் பிறகுதான், கேமராவின் வயிற்றில் குறுக்கே விறைப்பாக நீண்டு கிடந்த பிலிமைப் பார்த்தாள்.

டப் என்று மூடினாள். மூடிய கதவின்மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். ஜன்னல் வெளிச்சம் மேசை முழுக்க விழுந்திருந்தது.

கிங்ஸ்டனைப் போனில் கூப்பிட்டாள். "அண்ணா, தொறந்துட்டேன். உள்ள பிலிம் இருந்துச்சுங்கண்ணா."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு மூச்சு உடற நேரந்தானுங்க."

"வெளிச்சத்துக்கு அது போதும்மா. கடைசியா எடுத்தது சுத்துல மேலாப்புல இருக்கும். அதெல்லாம் போயிருக்கும். மொதல்ல எடுத்தது அடியில இருக்கும், தப்பிச்சிருக்கலாம். கடைசியா எடுத்தது என்னது?"

"அப்பா."

"சரி. இன்னும் எடுக்காத பிலிம் டப்பாக்குள்ள பத்திரமாத்தான் இருக்கும். ரெண்டு தடவ வெறுமனே சுத்தி உட்டுட்டு மறுபடியும் எடு. அப்பா எங்க?"

"சலூனுக்கு. மீசைய எடுக்கறதுக்கு."

"அப்பறம் என்கிட்ட என்ன பேச்சு? ஓடு!"

அப்பாவின் போன் அலமாரிமேல் கிடந்தது. தனபாலின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஸ்கூட்டரை எடுத்தாள். கேமராவை எப்போதும் துணிப்பையில் சுற்றித்தான் கொண்டுபோவாள். இன்று கழுத்தில் வெறுமனே தொங்கி, வளைவுக்கு வளைவு வண்டியின் ஹேண்டிலில் மோதியது. மூடுபனி ரோட்டுக்கு இறங்கியிருந்தது. எதிரே வந்த பஸ் விளக்குப் போட்டு ஒதுங்கி வழிவிட்டது.

சலூன் வாசலில் தனபால் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவரைத் தாண்டி உள்ளே பாய்ந்தாள்.

"நிறுத்துங்க! பொன்னுவேலண்ணா, கத்திய எடுங்க!"

பொன்னுவேல் பதறிக் கத்தியைத் தூக்கினான். கண்ணாடியில் அப்பாவின் முகம் தெரிந்தது. இடது பக்கத்து மீசை போயிருந்தது. வலது பக்கத்தில் நுரை மட்டும் பூசியிருந்தது. வலிக்கிற பக்கத்தை முதலில் முடித்துவிடு என்று அவர்தான் சொல்லியிருந்தார்.

"என்ன கண்ணு? அம்மாளுக்கு ஏதாச்சும்?"

"இல்லீங்கப்பா." அவள் கேமராவைப் பிடித்துக்கொண்டாள். "போட்டோ போச்சுங்க. நான் கதவத் தொறந்துட்டேன். பிலிம் இருக்கறத மறந்துட்டேன்."

அப்பா கண்ணாடி வழியாகவே அவளைப் பார்த்தார். சலூன் ரேடியோவைப் பொன்னுவேல் எட்டி நிறுத்தினான்.

"கீறலப் பாக்கறதுக்கா தொறந்த?"

"ஆமாங்கப்பா."

"இருந்துச்சா?"

"பழையதுதானுங்க. புதுசா ஒண்ணும் இல்ல."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். நுரை வழிந்து உதட்டில் இறங்கியது. பொன்னுவேல் துடைக்கப்போனபோது கையைத் தள்ளிவிட்டார். அவருக்குக் கோபம் வந்தால் சத்தம் போட மாட்டார். எஸ்டேட்டில் அது எல்லோருக்கும் தெரியும். அழக்கூட ஷெர்லினுக்குத் துணிச்சல் வரவில்லை.

"எல்லாமே போச்சா?"

"உங்கது எல்லாம் போயிருக்குமுங்கப்பா. அடியில இருக்கற பஸ் ஸ்டாண்டு தப்பிச்சிருக்கும்."

"பஸ் ஸ்டாண்டு பொழச்சுருச்சு." அவர் கண்ணைத் திறந்தார். "அந்த மட்டுக்கும் நல்லது. இன்னும் பிலிம் மிச்சம் இருக்குதா?"

"கொஞ்சம் இருக்குதுங்க."

"பொன்னுவேலு, இந்த நுரையத் தொட."

பொன்னுவேல் துடைத்தான். வலது பக்கத்து மீசை ஈரமாக, நரைத்து, முழுசாக வெளியே வந்தது. அப்பா சுழல் நாற்காலியைத் தானே காலால் உந்தித் திருப்பினார். இடது கன்னம் சுவரைப் பார்த்தது. வலது கன்னம் வாசல் வெளிச்சத்துக்கு வந்தது.

"இந்தப் பக்கம் எடு."

அவள் கேமராவில் பார்த்துவிட்டுத் தயங்கினாள். "கண்ணாடியில அந்தப் பக்கமும் தெரியுதுங்கப்பா."

"துண்ட வெச்சு மறை."

பொன்னுவேல் தோளில் கிடந்த துண்டை உதறி, கண்ணாடிக்கு முன்னால் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தான்.

"உன்ற வெரலு உள்ள வரப்போகுது. லூர்துசாமிக்குக் காது, எனக்கு வெரலு" என்றார் அப்பா.

"மோதரம் போட்ட வெரலுங்க, நல்லாத்தான் இருக்கும்" என்றான் பொன்னுவேல்.

வெளியே பனி இன்னும் கனத்தது. உள்ளே ஒரு ட்யூப்லைட். ஷட்டர் மெதுவாகத் திறந்து மூடினால்தான் முகம் பதியும். கையில் பிடித்தால் ஆடிவிடும். அவள் சீப்பு, பவுடர் டப்பா, பிளேடுத் துண்டுகளை முழங்கையால் ஒதுக்கிவிட்டு, கேமராவை வாசலோரத்துப் பலகைக் கல்லின்மேல் அழுத்தி வைத்தாள். மூச்சை அடக்கிக்கொண்டாள். அப்பாவும் அடக்கிக்கொண்டார். சுருள் இறுகி, லீவர் நகராமல் நிற்கும்வரை எடுத்தாள்.

"ஆச்சா?"

"ஆச்சுங்கப்பா."

"சரி பொன்னுவேலு, மிச்சத்தையும் முடி."

கத்தி ஓடும் சத்தம் கேட்டது. அவள் வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார்கள். அப்பாவை வார்டுக்கு மாற்றிய பிறகுதான் ஷெர்லின் சேலத்திலிருந்து மலைமேல் வந்தாள். கிங்ஸ்டனும் அவளும் மண்டபத்துப் பின்னறையில் சுருளைக் கழுவினார்கள். ஈரம் சொட்டச் சொட்ட விளக்குக்கு நேரே பிடித்தான். பஸ் ஸ்டாண்டு இருந்தது. காப்பிப்பூவில் பாதி இருந்தது. அதன்பிறகு நெடுக ஒரே கறுப்பு. சில்வர் ஓக் மரம் இல்லை, நாற்காலி இல்லை, அம்மா சிரித்த அந்த நொடி இல்லை. கறுப்பு முடிந்த இடத்தில் சலூன் தொடங்கியது.

கிங்ஸ்டன் வழக்கம்போலப் பூதக்கண்ணாடியை எடுத்து ஓரத்திலிருந்து ஓரம்வரை பார்த்தான். "ஒரு கீறல்கூட இல்ல. இப்பவாச்சும் நம்பறியா" என்று தொடங்கியவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். கறுப்பாகப் போன பகுதியை வெட்டி எறிவதற்குக் கத்தரிக்கோலை எடுத்தான்.

"அதையும் வெச்சுக்கறேங்கண்ணா" என்றாள்.

சேலத்துக்குக் கீழே இறங்கும் பஸ்ஸில், மடியில் இருந்த கேமராவின் அடிப்பாகத்தில் நீளமான கீறல் ஒன்று விரலில் தட்டுப்பட்டது. சலூன் கல்லிலா, ஸ்கூட்டரிலா, தெரியவில்லை. பெயின்ட் போய் உள்ளிருக்கும் உலோகம் வெளுத்துத் தெரிந்தது. போனை எடுத்துப் படம் பிடிக்கவில்லை. புதுச் சுருள் போட்டிருந்ததால் பின்கதவில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தாள். அது கெட்டியாக ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் அமுக்கிப் பார்த்தாள்.

அப்பா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாய். இடது பக்கம் கழுத்துவரை கட்டு. கட்டுக்கு வெளியே தைத்த சதை ஊதி, வேறு நிறத்தில் இருந்தது. பேச முடியாது. உதட்டின் வலது பக்கத்தில் மட்டும் மயிர் முளைக்கத் தொடங்கியிருந்தது. அம்மா அவர் கையைத் தன் மடியில் வைத்திருந்தாள்.

ஷெர்லின் பிரிண்ட் போட்டு வந்த சலூன் படங்களைக் கொடுத்தாள். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். வலது கன்னம், ஈர மீசை, பின்னால் துண்டு, துண்டின் மூலையில் பொன்னுவேலின் மோதிர விரல். அந்த விரலைக் கட்டை விரலால் தட்டிக் காட்டினார். அவர் தோள் குலுங்கியதில் சிரிக்கிறார் என்று தெரிந்தது. ஒன்றை எடுத்து அம்மாவின் கையில் வைத்து அவள் விரல்களை மூடினார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அம்மா அதைப் பைக்குள் ஜெபப் புத்தகத்துக்கு நடுவில் வைத்தாள்.

பிறகு அவர் பார்வை கேமராவுக்குப் போனது. கையை நீட்டினார். அவள் கொடுத்தாள். திருப்பிப் பார்த்தார். அடியில் இருந்த கீறலை விரல் நுனியால் ஒருமுறை தடவி, புருவத்தை உயர்த்தினார்.

"குட்டி போட்டிருச்சுங்கப்பா" என்றாள்.

அவர் பின்கதவுப் பிளாஸ்டரைத் தொட்டார். பிறகு தன் கன்னத்துப் பிளாஸ்டரைத் தொட்டார். அவள் சட்டென்று, "எடுத்தர்றேங்கப்பா" என்று கையை நீட்டினாள். வேண்டாம் என்று விரலசைத்தார். கேமராவை அவளிடமே திருப்பிக் கொடுத்து, தன் முகத்தைச் சுட்டிக்காட்டினார்.

"இப்பவா?"

தலையசைக்க முடியாததால் கண்ணை மூடித் திறந்தார்.

ஷெர்லின் கட்டிலின் வலது பக்கம் போய் நின்றாள். நல்ல பக்கம் அதுதான். ஜன்னல் வெளிச்சமும் அங்கேதான் விழுந்தது. அவர் கையை வீசி அவளை நகரச் சொன்னார். இன்னும், இன்னும் என்று கை சொன்னது. கட்டிலின் கால்மாட்டுக்கு நேரே வந்ததும் கை நின்றது. அவர் முதுகைத் தலையணையிலிருந்து கொஞ்சம் நிமிர்த்தி, எந்தப் பக்கமும் திரும்பாமல், நேராகப் பார்த்தார்.

அவள் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள்.

"இரு கண்ணு, இரு" என்று இன்பமேரி எழுந்தாள். பைக்குள் கையை விட்டுத் துழாவினாள். "சீப்பு இங்கதான் வெச்சிருந்தேன். அப்பாவுக்குத் தலைய வாரி உட்டுக்கறேன், அப்பறம் எடு."